கேட்டுக்கொண்டிருக்கும் இல்லம்

கோபன்ஹேகன் துறைமுகத்தில் இருக்கும் அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் பெயர் கிடையாது. பெயர் வைப்பது கூச்சல் போடுவதற்குச் சமம் என்று அதை நடத்துகிறவர்கள் நினைத்தார்கள். தார் பூசிய பழைய படகுக் கொட்டகை ஒன்று, அதற்குப் பலகையும் இல்லை, வாசல் விளக்கும் இல்லை. கதவு எது, சுவர் எது என்று தெரியாமல் முதல் தடவை வருகிறவர்கள் கொட்டகையைத் தடவிக்கொண்டே சுற்றி வருவார்கள். உள்ளே இருப்பவர்கள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், கதவைத் திறந்துவிட மாட்டார்கள். கதவைக் கண்டுபிடிப்பதுதான் விருந்தின் முதல் தட்டாம். அங்கே வேலை செய்பவர்கள் அந்த இடத்தை ‘இல்லம்’ என்பார்கள். ‘இல்லம் இன்றைக்குக் களைப்பாக இருக்கிறது’, ‘இல்லத்துக்கு அது பிடிக்காது’ என்று, மாடியில் படுத்திருக்கும் மாமியாரைப் பற்றிப் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் பேசுவார்கள்.

இல்லத்தின் கொள்கை கேட்பது. மண் சொல்வதைக் கேட்பது, கடல் சொல்வதைக் கேட்பது, கிழங்கு சொல்வதைக் கேட்பது. சமையல் தலைவருக்கு அங்கே சமையல்காரர் என்று பெயர் இல்லை, முதன்மைக் கேட்பாளர் என்று பெயர். உலகத்திலேயே மிக நன்றாகக் கேட்கத் தெரிந்த கடை என்று அதற்கு ஒரு விருதுகூடக் கொடுத்திருந்தார்கள். அந்த விருதை வாங்கப் போன முதன்மைக் கேட்பாளர் மேடையில் ஒன்றரை மணி நேரம் பேசினார்.

இந்த இடத்துக்குத்தான் நெஸ்ட்வெட் ஊரில் டவுன் பஸ் ஓட்டும் ஹென்னிங் தன் மனைவி மெரேத்தேயை வெள்ளி விழாத் திருமண நாளுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவதற்காக.

ஊர் வழக்கப்படி நடந்திருந்தால் அன்று விடியற்காலையில் அக்கம்பக்கத்தார் வந்து வாசலில் பச்சைத் தழை வளைவு கட்டி, ஜன்னலுக்குக் கீழே நின்று பாடி எழுப்பியிருப்பார்கள். சாயங்காலம் ஊர் மன்றத்து மண்டபத்தில் விருந்து நடந்திருக்கும். வந்தவர்கள் ஒவ்வொருவரும் எழுந்து ஒரு பேச்சு, ஒரு பாட்டு. மெரேத்தே எல்லாவற்றையும் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அவள் அந்த மன்றத்தில் வியாழக்கிழமைதோறும் தம்போலாவுக்கு எண் கூப்பிடுகிறவள். மைக் கெட்டுப்போன நாளில்கூடக் கடைசி வரிசைக்கு வித்தியாசம் தெரியாது, அப்படி ஒரு குரல். வசந்த காலத்தில் அது கரகரத்தது, சளி என்று நினைத்தார்கள். சளி இல்லை. வருகிற புதன்கிழமை அவளுடைய குரல்வளையை முழுசாக எடுத்துவிடப் போகிறார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். கழுத்தில் துளை போட்டு மூச்சு விடலாம், பின்னால் கருவி வைத்து ஏதாவது சத்தம் வரவைத்துப் பார்க்கலாம், பழகப் பல மாதம் ஆகும், சிலருக்குப் பழகுவதே இல்லை. எப்படி ஆனாலும் இந்தக் குரல் புதன்கிழமையோடு சரி.

“ஊரே வந்து ஆளுக்கொரு பாட்டு பாடும், நான் கல்லு மாதிரி உக்காந்து கேக்கணுமா?” என்று மெரேத்தே கேட்டாள். “அன்னிக்கு மிச்சம் இருக்கப்போறது நாலு நாள் குரல். அதை உன்கிட்ட செலவு பண்ணணும் டிரைவரே. உனக்கு ஒண்ணு சொல்லணும். நல்ல எடமாப் பாரு. இங்க சமையல்கட்டுல வெச்சு சொன்னா நீ பாதியில எந்திரிச்சு காப்பி போடப் போயிடுவ.”

“என்ன விஷயம்னு இப்பவே சொல்லேன்.”

“பாத்தியா, அதுக்குள்ள அவசரம். அன்னிக்குத்தான் சொல்லுவேன்.”

ஹென்னிங் யோசித்தான். அவன் போய்ப் பழகிய கடைகளில் சாப்பாடு மலிவு, சத்தம் அதிகம். ஆகவே சாப்பாடு எவ்வளவுக்கு எவ்வளவு விலையோ அவ்வளவுக்கு அவ்வளவு அமைதியாகப் பேசலாம் என்று கணக்குப் போட்டான். அவன் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அதுதான். தலைநகரில் வேலை பார்க்கும் மகள் சிஸ்ஸெல், யாரோ கடைசி நேரத்தில் ரத்து செய்த இடம் ஒன்றை இல்லத்தில் பிடித்துக் கொடுத்தாள்.

அது ஜூன் மாதம், வெயில் இறங்குவதாக இல்லை. கொட்டகையைத் தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடித்தபோது மெரேத்தேயின் நல்ல சட்டையெல்லாம் தார் ஆகியிருந்தது. உள்ளே ஒரு பாசித் தொட்டியில் கை கழுவச் சொன்னார்கள். பழுப்பு அங்கி போட்ட ஒரு வாலிபர் தலை குனிந்து வரவேற்றார்.

“என் பேரு ஃப்ரோடே. இன்னிக்கு நீங்க கேக்கப் போறதுக்கு நான் துணையா இருப்பேன்.”

“சாப்பிடத்தான் வந்தோம்,” என்றான் ஹென்னிங்.

“எல்லாரும் முதல்ல அப்படித்தான் நெனைப்பாங்க,” என்றார் ஃப்ரோடே கனிவாக.

தரை வரை துணி தொங்கும் ஒரு மேஜையில் உட்காரவைத்தார்கள். முதலில் காக்டெய்ல் வந்தது. குழிந்த ஒரு கருங்கல்லில் பனிக்கட்டி கொஞ்சம், அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ தூள்.

“தம்பி, ஒரு ஜின் டானிக் கெடைக்குமா?” என்றாள் மெரேத்தே. “ஐஸ் போட்டு.”

“இல்லம் ஐஸை வேலை வாங்கறதில்ல,” என்றார் ஃப்ரோடே. “இது போன தை மாசம் ஒரு மாட்டுக் கொட்டகைக் கூரையில விழுந்த பனி. தானா உருகற வரைக்கும் காத்திருக்கணும். உருகினதும் அது உங்களைக் கூப்பிடும்.”

அவர் போனார். மெரேத்தே கல்லைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சரி, அது கூப்பிடறதுக்குள்ள நான் சொல்லிடறேன். ஹென்னிங், புதன்கிழமைக்கு அப்புறம் நீ...”

“மன்னிக்கணும்,” என்றார் ஃப்ரோடே. எங்கிருந்து முளைத்தார் என்றே தெரியவில்லை. “உங்க பனி இளக ஆரம்பிச்சிருக்கு. இந்த நேரத்துல அந்தக் கூரையைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்றது வழக்கம்.”

இரண்டு வார்த்தை என்று அவர் சொன்னதை எழுதினால் இந்தக் கதைக்கு இடம் இருக்காது. கூரை வேய்ந்தவரின் தாத்தாவிலிருந்து தொடங்கினார். முடித்தபோது பனி உருகி வெதுவெதுப்பாகி இருந்தது. குடித்தார்கள். மாட்டுக் கொட்டகைக் கூரை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

இரண்டாவது காக்டெய்ல் குடிப்பதற்கு இல்லை, முகர்வதற்கு. கோப்பை காலி. குடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டுமாம்.

“நெனைச்சுப் பாத்தாச்சு,” என்றாள் மெரேத்தே. “நல்ல ஜின் டானிக்.”

அடுத்து ஒரு தட்டு நிறையக் கூழாங்கல் வந்தது. அதில் ஒன்று மட்டும் உருளைக்கிழங்கு, மற்றதெல்லாம் நிஜக் கல். எது கிழங்கு என்று கேட்டு அறிய வேண்டும். ஹென்னிங் ஒன்றை எடுத்துக் கடித்தான். கடைவாய்ப் பல்லில் போட்டிருந்த மூடி பெயர்ந்து வந்தது.

“அது இல்லத்தோட கல்லு,” என்றார் ஃப்ரோடே வருத்தத்தோடு. “கடிச்சதால அது அதிர்ந்துபோயிருக்கும். நான் உள்ள கொண்டு போய் வெச்சிடறேன்.”

பல்லைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஹென்னிங் மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “நீ சொல்லு,” என்றான் மனைவியிடம். அவள் தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“ஆஸ்பத்திரியில, கடையில, சிஸ்ஸெல் முன்னாடி, எங்க பாத்தாலும் நீ...”

“மன்னிக்கணும். இது கேரட்டு.”

கேரட்டுக்கு ஒரு பெயர் இருந்தது, அதற்கு ஒரு வாழ்க்கை வரலாறும் இருந்தது. மண்ணுக்கு அடியில் குளிர்காலம் முழுவதும் தனியாகக் கிடந்தது, அதோடு யாரும் பேசவில்லை, அந்தத் தனிமைதான் அதன் இனிப்பு என்று ஃப்ரோடே விளக்கினார். விளக்கும்போது அவர் கண் கலங்கியது. மெரேத்தேயின் கழுத்தில் சோதனைக்காகக் கீறிய புண்ணை மறைத்துக் கட்டியிருந்த துணியை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

“பாவம் கேரட்டு,” என்றாள் மெரேத்தே. “நாங்க கொஞ்சம் பேசிக்கிறோம் தம்பி, நீங்க அதைப் பாத்துக்குங்க.”

“கேரட்டுக்கு முன்னாடி உரக்கப் பேசவேண்டாம்னு இல்லம் கேட்டுக்குது. அது மொதல்ல உங்களைப் பழகிக்கணும்.”

கேரட் பழகிக்கொண்டது. அது போனதும் பாசிக் களி வந்தது. தட்டு என்பது உணவுக்கும் மனிதருக்கும் நடுவே போட்ட சுவர் என்று இல்லம் கருதியதால், களியைப் புறங்கையில் தடவி விட்டார்கள். நக்கிக்கொள்ள வேண்டும். சுற்றிலும் பார்த்தால் வக்கீல்களும் வங்கிக்காரர்களும் வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வந்தவர்களும் கண்ணை மூடிப் புறங்கையை நக்கிக்கொண்டிருந்தார்கள்.

“எங்க வீட்டுப் பூனை தெனமும் செய்யுது,” என்றாள் மெரேத்தே. “அதுக்கு விருது குடுத்தவன் யாரும் இல்ல.”

ஹென்னிங் சிரித்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் சொல்ல வந்ததை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் தேய்ந்தது. இருபத்தைந்து வருஷமாகச் சோப்பு தீர்ந்துவிட்டதைக்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னவள், இப்போது ஒரு வாக்கியத்துக்காகத் தண்ணீர் குடித்துத் தயாராகிறாள். அந்த வாக்கியத்தின் குறுக்கே ஒரு கேரட்டை நிறுத்துகிறார்கள். பஸ்ஸில் இப்படி ஒருவன் குறுக்கே பேசியிருந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறக்கி விட்டிருப்பான்.

பிறகு திரையை எல்லாம் இழுத்துவிட்டு எல்லோர் முன்னாலும் ஒரு வெள்ளைத் தட்டு வைத்தார்கள். கத்தியும் முள்கரண்டியும் வைத்தார்கள். தட்டில் ஒன்றும் இல்லை.

“இது மௌனம்,” என்று ஃப்ரோடே கிசுகிசுத்தார். “மாசி மாசம் ஒரு தீவுல அறுவடை பண்ணது. இது பரிமாறி முடியற வரைக்கும் யாரும் பேசறதில்ல, அசையறதில்ல.”

“மெல்லலாமா?” என்றாள் மெரேத்தே.

கூடம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மெரேத்தேயும்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எங்கோ ஒரு மேஜையில் யாருடைய மோதிரமோ தட்டில் பட்டு ‘டிங்’ என்றது.

டென்மார்க்கில் கல்யாண விருந்துக்குப் போயிருக்கும் யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். விருந்தாளிகள் கரண்டியால் தட்டைத் தட்டினால், தம்பதி நாற்காலிமேல் ஏறி நின்று முத்தம் கொடுத்தாக வேண்டும். அதில் தப்பிக்க வழி கிடையாது. மெரேத்தேயின் முகம் மலர்ந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிமேல் ஏறினாள்.

“ஏறு டிரைவரே. கூப்பிட்டுட்டாங்க.”

ஹென்னிங் ஏறினான். இல்லத்தின் மௌனத்துக்கு நடுவே இரண்டு பேரும் நாற்காலிமேல் நின்று முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். பக்கத்து மேஜையில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் கண்ணைத் திறந்து பார்த்தார். அவர் கை அவரைக் கேட்காமலே கத்தியை எடுத்துத் தட்டில் தட்டியது. அவர் மனைவி தட்டினாள். அடுத்த மேஜை தட்டியது. ஒரு நிமிஷத்தில் கூடம் முழுவதும் வெறும் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. யாரோ காலாலும் தரையை உதைக்கத் தொடங்கினார்கள். காலால் உதைத்தால் தம்பதி மேஜைக்கு அடியில் போய் முத்தம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் இதையும் விருந்தில் ஒரு தட்டு என்று நினைத்துத் தாங்களும் உதைத்தார்கள்.

இருவரும் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனார்கள். சுற்றிலும் துணி தொங்கியது. அங்கே அவர்களைத் தவிர யாரும் இல்லை. மெரேத்தே சிரித்துச் சிரித்து இருமினாள்.

“இதுதான் நல்ல எடம்,” என்றாள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு. “இங்கயே சொல்லிடறேன். கேட்டுக்கோ. நீ இனிமே...”

துணி விலகியது. ஃப்ரோடேவின் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

“மன்னிக்கணும். முதன்மைக் கேட்பாளர் வந்திருக்காரு.”

முதன்மைக் கேட்பாளரின் பெயர் மால்தே. தாடி மார்பு வரை இருந்தது, கால் வெறுங்கால். அவர் வந்ததும் தட்டல் அடங்கியது, எல்லோரும் வகுப்பில் மாட்டிக்கொண்டவர்கள்போலக் கத்தியைக் கீழே வைத்தார்கள். மால்தே நாற்காலியை இழுத்துப்போட்டு, மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து வந்த இருவர் எதிரிலும் உட்கார்ந்தார்.

“நாங்க இங்க கேக்கறோம்,” என்றார். “அதைத் தவிர எங்களுக்கு வேற தொழில் கெடையாது. ஒரு தட்டு மௌனத்துக்குப் பின்னாடி எவ்வளவு பேர் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது. எங்க பயிற்சியாளர் ஒருத்தர் மாசிக் குளிர்ல அந்தத் தீவுல தனியா உக்காந்திருந்தாரு, ஒரு காது உறைஞ்சே போச்சு. அவருக்கு நான் சம்பளம்கூடக் குடுக்கல. ஏன்னா காசுங்கறது சத்தம். அவரு அதைப் புரிஞ்சுக்கிட்டாரு. ஊருக்குத் திரும்பிப் போக டிக்கெட் கேட்டாரு, அதையும் நான் கேட்டுக்கிட்டேன். குடுக்கல, கேட்டுக்கிட்டேன். கேக்கறதுன்னா அதுதான்.”

அவர் ஹென்னிங் பக்கம் குனிந்தார்.

“உங்க மனைவியோட குரலைப் பத்தி சொல்லணும். கரடுமுரடா இருக்கு. மத்த மேஜைக்கெல்லாம் போயிடுது. உள்ள கேரட்டுங்க காத்திட்டு இருக்கு. கொஞ்சம் அடக்கி வெச்சுக்க சொல்லுங்களேன்.”

ஹென்னிங்குக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனாலும் மனுஷனுக்கு மனுஷன் விஷயத்தைச் சொன்னால் புரியும் என்று நினைத்தான். “ஐயா, அவளுக்கு வர்ற புதன்கிழமை ஆபரேஷன். குரல்வளையை எடுக்கறாங்க. அதுக்கப்புறம் இந்தக் குரல் இல்ல. அதனாலதான் பேசறதுக்குன்னு இங்க...”

மால்தே தலையைச் சாய்த்துக் கேட்டார். கண்ணை மூடித் திறந்தார்.

“முழுசாப் போயிடுமா?” என்றார். “எவ்வளவு அழகு. நாங்க வருஷக்கணக்காப் பயிற்சி பண்ணியும் போக முடியாத எடத்துக்கு உங்க மனைவி ஒரே நாள்ல போயிடறாங்க. எனக்குப் பொறாமையா இருக்கு.”

ஹென்னிங் எழுந்துவிட்டான். கை தானாக மடங்கியது. அந்தத் தாடியைப் பிடித்து இழுத்துக் கடலில் போட எவ்வளவு தூரம் என்று அவன் கண் கதவைத் தேடியது. “யோவ், யாரைப் பாத்து என்னய்யா சொல்ற...”

“உக்காரு,” என்றாள் மெரேத்தே.

அவன் உட்கார்ந்தான். அவள் உட்காரவில்லை. மண்டபத்தில் எண் கூப்பிடும்போது நிற்பதுபோல இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“இந்தா தாடி, நீ கேக்கறவன்தானே. கேளு. சாயங்காலத்துலேந்து இந்த மனுஷன்கிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லப் பாக்கறேன். ஒரு கூரையோட கதையைக் கேட்டேன், கேரட்டோட கதையைக் கேட்டேன், ஒண்ணுமில்லாத தட்டுக்கு முன்னாடி வாயை மூடிக்கிட்டு உக்காந்தேன். உன் கல்லு அதிர்ந்துபோச்சுன்னு உள்ள தூக்கிட்டுப் போனீங்க. இந்த மனுஷன் பல்லு ஒடைஞ்சுது, யாராவது என்னன்னு கேட்டீங்களா? நீங்க யாரு பேசறதையும் கேக்கலய்யா. வாயில்லாததாப் பாத்துக் கேக்கறீங்க. கல்லு எதிர்த்துப் பேசாது. கேரட்டு சம்பளம் கேக்காது. நான் பேசினா மட்டும் சத்தம்.”

குரல் கிழிந்தது. அவள் தண்ணீரைத் தேடவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள்.

“நீயும் கேளு. உன்னைத் தனியா வெச்சு சொல்லணும்னு இருந்தேன், இவங்க விடல, ஊருக்கே சொல்லிட்டுப் போறேன். புதன்கிழமைக்கு அப்புறம் எனக்குப் பதிலா நீ பேசாதே. கடைக்காரன் என்னைக் கேட்டா நீ பதில் சொல்லாதே. டாக்டர் கேட்டா நீ சொல்லாதே. நான் கையைக் காட்டுவேன், மூஞ்சியைக் காட்டுவேன், அந்தக் கருவியை வெச்சு கரகரன்னு ஏதாவது சொல்லுவேன். நேரம் ஆகும். ஆகட்டும். பாதியிலயே புரிஞ்சுபோச்சுன்னு தலையாட்டாதே, காப்பி போட எந்திரிக்காதே. நான் முடிக்கிற வரைக்கும் இரு. அவ்வளவுதான். இருபத்தஞ்சு வருஷத்துக்கு எனக்கு வேற பரிசு வேண்டாம். நான் முடிக்கிற வரைக்கும் இரு.”

கடைசி வார்த்தை பாதி காற்றாகத்தான் வந்தது. வழுக்கைத் தலைக்காரரின் மனைவி துணியால் கண்ணைத் துடைத்தாள்.

மால்தேயின் கண்ணிலும் நீர். எழுந்து மெரேத்தேயை வணங்கினார். “நன்றி,” என்றார். “மேஜைக்குக் கீழயும் பாசிக்குள்ளயும் இல்லம் எப்பவும் மைக் வெச்சிருக்கு. ஒரு சொட்டுகூட வீணாகல.”

வெளியே வந்து ரயில் நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் ஆளுக்கு இரண்டு தொத்திறைச்சி ரொட்டி வாங்கி, பச்சை வெங்காயம் போட்டு, நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். மெரேத்தே அன்று பேசவில்லை, அடுத்து வந்த நாட்களிலும் கிசுகிசுப்புக்கு மேல் வரவில்லை. இருந்த நாலு நாள் குரலில் பெரிய பங்கை அந்தத் தாடிக்காரன் தின்றுவிட்டான். ஹென்னிங்குக்கு அது ஆறவே இல்லை. எனக்கும் ஆறவில்லை.

புதன்கிழமை ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கோடை முழுக்க அவள் கருவியோடு மல்லுக்கு நின்றாள், அது அவளோடு மல்லுக்கு நின்றது. ஹென்னிங் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கப் பழகினான். நாக்கைக் கடித்துக்கொண்டுதான் பழகினான்.

இலையுதிர் காலத்தில் சிஸ்ஸெல் தொலைபேசியில் அழைத்தாள்.

“அப்பா, இல்லத்துல புது விருந்து வந்திருக்காம். பேப்பர்ல தூக்கிவெச்சு எழுதியிருக்காங்க. அதுல ‘பொறுமை’ன்னு ஒரு தட்டு. இருட்டுல உக்காரவெச்சு ஒரு பொம்பளை ‘இந்தா தாடி’ன்னு திட்டறதைப் போடறாங்களாம். அப்பா, அது அம்மா.”

ஹென்னிங் இல்லத்துக்குப் பேசினான். மெரேத்தே தம்போலாவில் எண் கூப்பிட்டதும் பிறந்தநாளுக்குப் பாடியதும் எத்தனையோ பேர் கைபேசியில் இருந்தன. ஆனால் அவள் அவனிடம் சொன்ன அந்தச் சொல் இல்லத்திடம் மட்டும்தான் இருந்தது. அதைக் கொடுங்கள், மற்றவர்களுக்குப் போடாதீர்கள் என்றான்.

“அது விருந்தாளியோட குரல் இல்லீங்க,” என்றது மறுமுனை. “இல்லம் கேட்டது. கேட்டதெல்லாம் இல்லத்துக்குச் சொந்தம். பாசித் தொட்டியில கை கழுவினப்பவே நீங்க சம்மதிச்சுட்டீங்க. வேணும்னா வந்து சாப்பிடலாம். வசந்த காலம் வரைக்கும் இடம் இல்ல.”

சிஸ்ஸெல் யாரையோ பிடித்து, தன் பெயரில் இரண்டு இடம் வாங்கினாள். ஹென்னிங் தனியாகப் போய் நாலு அறை விட்டு வருவதாக இருந்தான். நாற்காலியில் உட்கார்ந்து, போகட்டுமா என்று மனைவியைக் கேட்டான். கேட்டுவிட்டுக் காத்திருந்தான். அவள் வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து தன் நல்ல கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஃப்ரோடேவுக்கு அவர்களை அடையாளம் தெரியவில்லை. முகத்தைப் பார்ப்பது இல்லத்தின் கொள்கையில் இல்லை. கேட்பது மட்டும்தான் அங்கே வழக்கம், இந்த அம்மாவிடம் கேட்க ஒன்றும் இல்லை. கல்லுக்கும் கேரட்டுக்கும் அவள் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவர் உருகிப்போனார்.

“சார், சொல்லாம இருக்க முடியல,” என்று ஹென்னிங்கின் காதில் சொன்னார். “இவங்களை மாதிரி விருந்தாளியைத்தான் இல்லம் இத்தனை வருஷமாத் தேடிட்டு இருந்துது.”

திரையை இழுத்தார்கள். நடுக்கூடத்தில் ஒரு பாசி மேடை, அதன் மேல் ஒரே ஒரு விளக்கு. பாசிக்குள்ளிருந்து அந்தக் குரல் எழுந்தது. ‘இந்தா தாடி, நீ கேக்கறவன்தானே. கேளு.’

ஹென்னிங் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். சுற்றிலும் கண்களை மூடி, சப்புக்கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “கசப்பு நாக்குலயே நிக்குது,” என்றார் ஒருவர் திருப்தியாக. மெரேத்தே கண்ணை மூடவில்லை. அவள் பாசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘நீயும் கேளு’ என்றது குரல். ‘உன்னைத் தனியா வெச்சு சொல்லணும்னு இருந்தேன்...’

“மன்னிக்கணும்,” என்றார் ஃப்ரோடே குனிந்து. “இந்தக் குரலைப் பத்தி ரெண்டு வார்த்தை. இது தெற்குப் பக்கத்துல கெடைச்சது. வளத்த குரல் இல்ல, காட்டுக் குரல். இப்ப இந்த வகை இயற்கையில அழிஞ்சுபோச்சு, எங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.” அவர் மெரேத்தேயைப் பார்த்துவிட்டு ஹென்னிங்கிடம் கேட்டார். “அம்மாவுக்குப் பிடிச்சிருக்கா?”

ஹென்னிங்குக்கு வாய் வரை வந்துவிட்டது. வந்ததை எல்லாம் விழுங்கினான்.

“அவளையே கேளுங்க,” என்றான்.

ஃப்ரோடே சிரித்தபடி அவள் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். மெரேத்தே எழுந்தாள். மேஜைகளுக்கு நடுவே நிதானமாக நடந்துபோய்ப் பாசி மேடைக்குள் கையை விட்டாள். பாசியைப் பிய்த்துப் பிய்த்துக் கீழே போட்டு, உள்ளிருந்து ரொட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை வெளியே எடுத்தாள். அது இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தது. ‘கடைக்காரன் என்னைக் கேட்டா நீ பதில் சொல்லாதே’ என்றது அவள் கையிடுக்கிலிருந்து. விருந்தாளிகள் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். தட்டு தானே எழுந்து நடந்து போவதைப் போன்ற ஒன்றை அவர்கள் எங்கும் கண்டதில்லை. கைதட்டினார்கள். உள்ளேயிருந்து மால்தே வெறுங்காலோடு ஓடி வந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தும் கைதட்டினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் வணங்கினார்.

மெரேத்தே கதவைத் தடவாமலே கண்டுபிடித்துத் திறந்தாள்.

“சார்,” என்றார் ஃப்ரோடே முகம் வெளுத்து, “அது இல்லத்தோடது. திருப்பி வெக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க.”

வாசலுக்கு வெளியே அந்தக் குரல் படகுத்துறை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஹென்னிங் தன் கோட்டை மாட்டி, மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

“அவ இன்னும் முடிக்கல தம்பி,” என்று சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே நடந்தான்.